எட்டுச் சங்கிலிகளின் கட்டுமரம்

நுழையும்முன்

உடலுக்குள் புகுந்த கிருமியை இன்னதென அறிந்து எதிர்க்கும் ஆற்றல், வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் மேற்பரப்பில் நிற்கும் நுண்ணிய ஏற்பியைச் சார்ந்தது. அவ்வேற்பி ஒற்றைப் பொருளன்று. எட்டுப் புரதச் சங்கிலிகள் வரிசை தவறாமல் கூடி அமைவது. அவை எவ்வாறு கூடுகின்றன? ஒன்று குறைந்தால் என்ன நேரும்? கடலூர்க் கரையிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் இவ்வினாக்களை அணுகுகிறது இக்கட்டுரை.

கடலூர் முதுநகரை ஒட்டிய மீன்பிடித் துறையில் விடியற்காலையில் படகுகள் கரையணைகின்றன. மத்தியும் நெத்திலியும் சங்கராவும் கூடைகளில் இறங்க, சில நாள்களில் சுறாவும் திருக்கையும் உடன் வந்து சேர்கின்றன. அவற்றை விலை பேசுவோர் எடையையும் சுவையையும் பார்ப்பர். பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டுச் செய்து கொடுக்கப் பால்சுறா வாங்கிச் செல்வாரும் உண்டு. உயிரியலாளர் பார்ப்பது வேறொன்று. மனிதருக்கும் சுறாவுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்தது. அவ்வளவு காலம் கடந்த பின்னும் இவ்விரு உயிர்களிடத்தும் தைமஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. அதில் டி செல்கள் முதிர்கின்றன. அச்செல்களின் மேல் ஒரே அமைப்புடைய ஏற்பிகள் நிற்கின்றன. திருக்கை இனம் ஒன்றில் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்னும் நான்கு வகை ஏற்பி மரபணுக்களும் உள்ளன என்பது 1997இல் மெய்ப்பிக்கப்பட்டது. தாடையற்ற மீனாகிய லாம்ப்ரேயிடம் இவ்வேற்பி இல்லை; அது முற்றிலும் வேறான புரதங்களைக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. தாடை தோன்றிய காலத்தை ஒட்டியே இவ்வேற்பியும் தோன்றியது எனலாம்.

கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. கரையில் கிடக்கும் மீனும் ஆய்வகத்து மேசையும் இவ்வளவு அருகருகே அமைந்த இடங்கள் மிகுதியாக இல்லை.

கண்டவரும் விண்டவரும்

இரத்தத்தில் மிதந்து திரியும் கிருமியைப் பிடிக்க எதிர்ப்பொருள்கள் போதும். ஆனால், வைரசு ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருள் அதனை எட்ட இயலாது. வீட்டுக்குள் ஒளிந்த திருடனைத் தெருவில் நிற்கும் காவலர் எங்ஙனம் அறிவார்? உடல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உள்ள புரதங்களைத் துண்டாக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஒரு தாங்கியின்மீது வைத்துக் காட்டுகிறது. அத்தாங்கிக்கு முதன்மைத் திசுப்பொருத்த மூலக்கூறு என்று பெயர். டி செல் ஏற்பி, துணுக்கை மட்டுமோ தாங்கியை மட்டுமோ அறிவதில்லை. இரண்டையும் சேர்த்தே அறிகிறது. ஆசுதிரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோகர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1974இல் வெளியிட்ட இவ்வுண்மைக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

டி செல் ஏற்பிக்கு இரு பணிகள் உண்டு. ஒன்று, வெளியே காட்டப்படும் துணுக்கை அறிதல். மற்றொன்று, அறிந்ததைச் செல்லின் உட்புறத்திற்குத் தெரிவித்தல். இவ்விரண்டையும் ஒரே புரதம் செய்யுமென்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின் 1984இல் மார்க் டேவிசு குழுவினர் எலியிலும், டாக் மாக் குழுவினர் மனிதரிலும் ஏற்பியின் மரபணுவைக் கண்டறிந்தபோது வியப்பே மிஞ்சியது. துணுக்கைத் தொட்டு அறியும் ஆல்பா, பீட்டா சங்கிலிகளின் உட்புற வால் சில அமினோ அமில அளவே நீண்டிருந்தது. செய்தி சொல்லும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. கண்டவர் விண்டிலர் என்னும் வழக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. சொல்லும் பணி, உடன் நிற்கும் வேறு ஆறு சங்கிலிகளுக்கு உரியது; அவற்றால் துணுக்கைக் காண இயலாது.

ஆணி குறைந்த கட்டு

கடலூர், நாகை, சென்னைக் கரைகளில் பழங்காலந்தொட்டு வழங்கிய கட்டுமரத்தில் ஆணி அடிப்பதில்லை. செதுக்கிய மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைப்பர். நடுவில் நிற்கும் மரத்தைப் பக்க மரங்கள் தாங்கும். டி செல் ஏற்பிக் கூட்டமைப்பையும் அப்படியே நினைத்துப் பார்க்கலாம்.

நடுவில் ஆல்பாவும் பீட்டாவும் இணையாக நிற்கின்றன. செல்லுக்கு வெளியே ஒவ்வொன்றும் இரு மடிப்புகளாக அமைந்துள்ளது. நுனியில் இருப்பது மாறும் பகுதி. செல்லுக்குச் செல் வேறுபடுவது இதுவே. அதன்கீழ் இருப்பது மாறாப் பகுதி. எதிர்ப்பொருள்களில் காணப்படும் அதே வகை மடிப்புகளே இவை. மாறாப் பகுதியை அடுத்து ஒரு சிறு கழுத்து. அதன்பின் செல்சவ்வை ஊடுருவும் சுருள். கடைசியில் முன்னர்க் கூறிய குறுவால்.

அவற்றைச் சூழ்ந்து சிடி3 என்னும் தொகுதி நிற்கிறது. அதில் எப்சிலான் சங்கிலி இரண்டு. ஒன்று டெல்டாவோடும் மற்றொன்று காமாவோடும் இணை சேர்ந்துள்ளது. மூன்றாவது இணை, ஒரே வகைச் சங்கிலி இரண்டு சேர்ந்த ஸீட்டா. ஸீட்டாவுக்குச் செல்லின் வெளிப்புறத்தில் நீட்சி ஏதும் இல்லையென்றே சொல்லலாம். அதன் நீளமெல்லாம் உட்புற வாலில்தான். ஆக, ஆல்பா, பீட்டா, டெல்டா, எப்சிலான், காமா, மீண்டும் எப்சிலான், ஸீட்டா இரண்டு என எட்டுச் சங்கிலிகள்.

இந்த எட்டில் வலிய வேதிப்பிணைப்பால் ஒன்றோடொன்று கட்டுண்டவை ஆல்பா–பீட்டா இணையும் ஸீட்டா இணையும் மட்டுமே. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களின் கந்தக அணுக்கள் கைகோத்து அவற்றைப் பிணைக்கின்றன. ஏனைய அனைத்தும் ஆணியின்றி நிற்பவை. அங்ஙனமாயின் அவற்றைக் கட்டும் கயிறு எது?

எண்ணெய்க்குள் மின்சுமை

செல்சவ்வின் நடுப்பகுதி கொழுப்பால் ஆனது, எண்ணெய் போன்றது. மின்சுமை உடைய பொருள்கள் நீரை நாடும், எண்ணெயை வெறுக்கும். ஆகவே, சவ்வை ஊடுருவும் புரதச் சுருள்களில் மின்சுமையுள்ள அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. டி செல் ஏற்பியோ இப்பொது விதியை ஒருமுறையன்று, ஒன்பது முறை மீறுகிறது. ஆல்பாவின் சவ்வுச் சுருளில் ஓர் அர்ஜினினும் ஒரு லைசினும் உள்ளன. பீட்டாவில் ஒரு லைசின். இம்மூன்றும் நேர்மின்சுமை கொண்டவை. சிடி3, ஸீட்டா சங்கிலிகள் ஆறிலும் ஒவ்வோர் எதிர்மின்சுமை உண்டு; காமாவில் அது குளுட்டாமிக் அமிலம், மற்ற ஐந்திலும் அஸ்பார்ட்டிக் அமிலம்.

எண்ணெய்க்குள் தனித்து நிற்க இயலாத இச்சுமைகள் ஒன்றையொன்று நாடி ஈர்த்துக்கொள்கின்றன. அவ்வீர்ப்பே கட்டுமரத்தின் கயிறு.

இங்கு ஒரு கணக்கு இடறுகிறது. நேர்மின்சுமை மூன்று, எதிர்மின்சுமை ஆறு. ஒன்றுக்கு ஒன்று என்றால் மூன்று மிஞ்சுமே? அமெரிக்காவின் பாசுடன் நகரில் மாத்யூ காலும் கை வூக்கர்பெனிக்கும் உள்ளிட்ட குழுவினர் 2002இல் இதற்கு விடை கண்டனர். அவர்கள் ஒவ்வொரு மின்சுமையையும் தனித்தனியே மாற்றிப் பார்த்து, எது கெட்டால் எந்த இணைப்பு அறுகிறது என்று சோதித்தனர். கூட்டமைப்பில் மூன்று முடிச்சுகள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நேர்மின்சுமையும் ஓர் இணைக்குரிய இரண்டு எதிர்மின்சுமைகளும் சேர்கின்றன. ஆல்பாவின் லைசின் டெல்டா–எப்சிலான் இணையைப் பற்றுகிறது. பீட்டாவின் லைசின் காமா–எப்சிலான் இணையைப் பற்றுகிறது. ஆல்பாவின் அர்ஜினின் ஸீட்டா இணையைப் பற்றுகிறது. மிச்சம் ஒன்றும் இல்லை. உயிரியலில் இத்தனை தெளிவான கணக்கு அரிது.

சிதம்பரத்தில் பிறந்தவரும் புரதம் பிறக்கும் இடமும்

இச்சங்கிலிகள் எங்கே பிறக்கின்றன? மரபணுவின் செய்தியைத் தாங்கிய தூது ஆர்என்ஏவைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதமாக்கும் பொறி ரைபோசோம். அப்பொறியின் அணுவமைப்பை வரைந்து காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர்.

வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் 1952இல் அங்குப் பிறந்தார். தந்தை சி. வி. இராமகிருட்டிணன் உயிர்வேதியியலாளர், தாய் இராஜலட்சுமி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மகனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 1971இல் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலிலேயே முனைவரானார். அதன்பின்னர்த் துறையை மாற்றிக்கொண்டு, சான் டியேகோவில் உயிரியலைத் தொடக்கத்திலிருந்து மாணவராக அமர்ந்து கற்றார். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் வகுப்பறை இருக்கைக்குத் திரும்பும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று. 1999இல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 2000இல் அவர் குழுவினர் ரைபோசோமின் சிறிய பாதியின் அணுவமைப்பை வெளியிட்டனர். தாமசு ஸ்டைட்சு, அடா யோனாத் ஆகியோரோடு 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டி செல் ஏற்பியின் எட்டுச் சங்கிலிகளும் எண்டோபிளாச வலையின்மீது ஒட்டியிருக்கும் ரைபோசோம்களில் கோக்கப்படுகின்றன. கோக்கப்படும்போதே வலையின் சவ்வுக்குள் நுழைந்து நிலைகொள்கின்றன. கூட்டமைக்கும் வேலை அங்கேயே தொடங்குகிறது.

நிலையை விட்டுப் புறப்படும் முன்

ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. தேர் நிலையை விட்டு நகருமுன் அச்சு, சக்கரம், முட்டுக்கட்டை, வடம் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படும். ஒரு சக்கரம் பழுதென்றாலும் வடம் பிடிக்க விடமாட்டார்கள். எண்டோபிளாச வலையும் இத்தகைய நிலைதான். கட்டு முழுமையடையாத ஏற்பி அங்கிருந்து செல்லின் மேற்பரப்பிற்குப் புறப்பட முடியாது.

முதலில் எப்சிலான், டெல்டாவோடும் காமாவோடும் தனித்தனியே இணைகிறது. பின்னர் ஆல்பா டெல்டா–எப்சிலான் இணையையும், பீட்டா காமா–எப்சிலான் இணையையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆல்பாவும் பீட்டாவும் கந்தகப் பிணைப்பால் இறுகுகின்றன. கால்நெக்ஸின் போன்ற துணைப்புரதங்கள் இதுவரையில் சங்கிலிகள் தவறாக மடிந்துவிடாமல் பிடித்து நிற்கின்றன. ஆறு சங்கிலிகள் கூடிய இந்த அரைக்கட்டோடு இறுதியாக ஸீட்டா இணை வந்து சேர்கிறது.

வரிசைக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? இதற்கான விடை, அழிவை ஆராய்ந்தபோது கிடைத்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ரிச்சர்டு கிளாஸ்னரும் அவர்தம் குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் ஓர் எளிய வினாவைக் கேட்டனர்: துணை கிடைக்காத ஆல்பா சங்கிலி என்ன ஆகிறது? அது எண்டோபிளாச வலையை விட்டு எங்கும் செல்வதில்லை. விரைவில் அழிக்கப்படுகிறது என்று கண்டனர். காரணம், முன்பு கண்ட அதே மின்சுமைகள். துணை கிடைத்தால் கயிறாகப் பயன்படும் அர்ஜினினும் லைசினும், துணை கிடைக்காதபோது எண்ணெய்க்குள் மறைவின்றி நின்று, தாம் சேர்ந்த சங்கிலி தனித்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. உடனே அச்சங்கிலி சவ்விலிருந்து வெளியே இழுக்கப்பட்டு, செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பான புரோட்டியசோமிடம் ஒப்படைக்கப்படுகிறது. கட்டும் கயிறே குறை காட்டும் கொடியாகவும் இருப்பது இயற்கையின் சிக்கனம். அழியும் புரதங்களைப் பற்றிய இவ்வாய்வு, டி செல்லுக்கு அப்பாலும் பயன் தந்தது. எல்லாச் செல்களிலும் குறைபட்ட புரதங்களைக் களையெடுக்கும் முறையைப் பற்றிய அறிவு வளர்ந்ததற்கு இது ஒரு தொடக்கமாயிற்று.

ஸீட்டா சேராத ஆறு சங்கிலிக் கட்டு சற்று வேறு வகையில் தண்டிக்கப்படுகிறது. அது வலையைத் தாண்டிக் கோல்கை உறுப்பு வரை சென்றுவிடும். ஆனால், மேற்பரப்பை அடையாமல் லைசோசோமுக்குத் திருப்பி விடப்பட்டுச் செரிக்கப்படும். ஸீட்டா மற்றவற்றைவிடக் குறைவாகவே உருவாகிறது. எனவே, எத்தனை ஏற்பிகள் மேற்பரப்பை அடையும் என்பதை முடிவு செய்வதும் அதுவே. திருவிழாவில் தேர்கள் பலவாயினும் வடம் சிலவே என்றால், ஓடும் தேர்களின் எண்ணிக்கையை வடம்தானே தீர்மானிக்கும்?

எட்டும் கூடியபின் கோல்கை உறுப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் திருத்தப்பட்டு, ஏற்பி மேற்பரப்பை அடைகிறது. ஒரு டி செல்லின் மேல் இவ்வாறு பல்லாயிரம் ஏற்பிகள் நிற்கின்றன.

தெரியுமா?

பாலூட்டிகளில் சிடி3 காமாவும் சிடி3 டெல்டாவும் தனித்தனி மரபணுக்களால் ஆனவை. பறவை, தவளை, மீன் ஆகியவற்றில் இவ்விரண்டின் இடத்தில் ஒரே மரபணு உள்ளது. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, இரண்டும் பின்னர் வேறு வேறு பணிகளை ஏற்றன என்பதற்கு இது சான்று.

ஒவ்வொரு செல்லுக்கும் வேறு முகம்

சிடி3 சங்கிலிகள் எல்லா டி செல்களிலும் ஒன்றே. ஆல்பா, பீட்டா சங்கிலிகளின் நுனியோ செல்லுக்குச் செல் வேறு. வரக்கூடிய கிருமி எதுவென்று முன்கூட்டி அறிய இயலாத உடல், எல்லா வகைக்கும் ஒன்றேனும் இருக்கட்டும் என்று பல கோடி வடிவங்களை உருவாக்கி வைக்கிறது. அத்தனை வடிவங்களுக்கும் தனித்தனி மரபணு வைத்திருக்க இயலாதன்றோ? பீட்டா சங்கிலிக்கு மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ ஐம்பது 'வி' துண்டுகளும், இரண்டு 'டி' துண்டுகளும், பதின்மூன்று 'ஜே' துண்டுகளும் உள்ளன. தைமஸில் வளரும் செல் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒவ்வொரு துண்டை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைக் குறைத்தும் கூட்டியும் கொள்கிறது.

இச்சூதாட்டத்தில் தோல்வியே மிகுதி. மரபணு மொழியில் மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். ஒட்டிய இடத்தில் எழுத்தெண்ணிக்கை பிறழ்ந்தால் அதன்பின் வரும் செய்தி முழுவதும் பிழையாகும். மூன்றில் இரண்டு ஒட்டுகள் இவ்வாறு பிழைபடுகின்றன. ஆகவே, பீட்டா உருவானதும் ஆல்பாவுக்குக் காத்திராமல், ஆல்பாவைப்போல நடிக்கும் ஒரு பதிலியோடும் சிடி3 தொகுதியோடும் அதனைக் கட்டிப் பார்க்கிறது செல். கட்டு நின்றால் வளர்ச்சி தொடரும்; நில்லாவிட்டால் அச்செல் மடியும். ஆல்பா உருவானபின் அடுத்த தேர்வு. தன் உடலின் திசுப்பொருத்த மூலக்கூறுகளை அறவே அறியாத செல்லும் மடியும். தன் உடலையே பகையென இறுகப் பற்றும் செல்லும் மடியும். தைமஸில் நுழையும் இளஞ்செல்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளிவருவதில்லை.

உருவைக் காணுதல்

புரதத்தின் உருவை வரைந்து பார்க்கும் கலையில் தமிழகத்திற்கு உரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடம், அமினோ அமிலச் சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும், எக்கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டியது. (இந்த இராமகிருட்டிணன் வேறு, நோபல் பரிசு பெற்றவரும் அவர்தம் தந்தையும் வேறு. பெயரொப்புமையால் மயங்குவார் பலர்.) உலகில் எந்த ஆய்வகம் எப்புரதத்தின் உருவை அறிவித்தாலும், அது இராமச்சந்திரன் வரைபடத்தின் சோதனையைக் கடந்தாக வேண்டும். டி செல் ஏற்பியும் விலக்கன்று.

ஏற்பியின் வெளிப்பகுதியைப் படிகமாக்கி, அது திசுப்பொருத்த மூலக்கூறின்மேல் அமரும் தோற்றத்தை 1996இல் எக்ஸ் கதிர்களால் கண்டனர். எட்டுச் சங்கிலிகளையும் முழுமையாகக் காண மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சவ்வுப் புரதங்கள் படிகமாக எளிதில் இசைவதில்லை. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னரே வழி திறந்தது. புரதக் கரைசலை நொடிப்பொழுதில் உறையவைத்து, பல இலட்சம் மூலக்கூறுகளின் மங்கலான நிழல்களைப் படமெடுத்து, கணினியால் அவற்றைத் தொகுத்து ஓர் உருவாக்குவது இம்முறை. இதனை வளர்த்தோருள் ஒருவரான ரிச்சர்டு ஹெண்டர்சன், வெங்கட்ராமன் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தினர். 2017இல் நோபல் பரிசு பெற்றார். சீனாவின் ஹார்பின் நகர ஆய்வாளர்கள் 2019இல் இம்முறையால் மனித ஏற்பியின் முழு உருவை வெளியிட்டனர். ஆல்பா, பீட்டாச் சுருள்கள் நடுவில் நிற்க, மற்ற ஆறும் பீப்பாய்ப் பலகைகள்போலச் சூழ்ந்து நிற்பது அதில் புலனாயிற்று. 2002இல் மின்சுமைகளை மாற்றி மாற்றிக் கணித்த மூன்று முடிச்சுகளும் கணித்த இடங்களிலேயே இருந்தன.

உருவைக் கண்டபின்னும் ஒரு வினா நீங்கவில்லை. துணுக்கைத் தொட்டதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறதா? செல்லுக்குள் நிகழ்வன ஓரளவு தெளிவு. சிடி3 சங்கிலி ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு செய்திக்கூறும், ஸீட்டா ஒவ்வொன்றிலும் மூன்று செய்திக்கூறுகளும் உள்ளன, மொத்தம் பத்து. ஒவ்வொரு கூறிலும் டைரோசின்கள் இரண்டு. எல்சிகே என்னும் நொதி அவற்றில் பாஸ்பேட்டை ஏற்ற, ஜாப்-70 என்னும் நொதி அங்கு வந்து அமர்ந்து செய்தியை முன்னெடுக்கிறது. ஆனால், வெளியே நிகழ்ந்த தொடுதல் உள்ளே எல்சிகேவுக்கு எங்ஙனம் எட்டுகிறது? துணுக்கோடு பிணைந்த முழு ஏற்பியை 2022இல் படமெடுத்தபோது, பிணையாத ஏற்பிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அப்படங்கள் சவ்வை அகற்றிச் சோப்புப் போன்ற கரைப்பானில் எடுக்கப்பட்டவை. சவ்வை ஒத்த சூழலில் வைத்து அண்மையில் எடுத்த படங்களோ, ஓய்வில் மடங்கி நிற்கும் ஏற்பி, தொட்டவுடன் நிமிர்ந்து விரிவதைக் காட்டுகின்றன. தொடும் செல்லின் இழுவிசையே சாவி என்பாரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு சங்கிலி குறைந்தால்

2003இல் கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள், நெருங்கிய உறவினர்க்குள் மணந்துகொள்ளும் ஒரு சமயக் குழுவில் பிறந்த சில குழந்தைகளை ஆராய்ந்தனர். அவர்களிடம் டி செல்களே இல்லை. சிடி3 டெல்டா மரபணுவின் பழுதே காரணம். எட்டில் ஒரு சங்கிலி இல்லாமையால் கட்டு நிற்கவில்லை. கட்டு நில்லாமையால் தைமஸில் செல்கள் தேறவில்லை. எப்சிலான், ஸீட்டா ஆகியவற்றின் பழுதும் இத்தகைய கொடிய குறைபாட்டைத் தருகிறது. காமா குறைந்தால் நோய் சற்று மென்மையானது. அதன் இடத்தை டெல்டா ஓரளவு நிரப்பிவிடுவதே காரணம் என்பர்.

இக்குறைபாடு மிக அரியது. எனினும் தமிழகம் இதனை அறிந்திருக்கத் தக்க காரணங்கள் இரண்டு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் இங்கு இன்னும் உள்ளது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுதுபட்ட மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒருங்கே வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அத்தகைய மணங்களில் கூடுகிறது. அடுத்து, பிறந்த குழந்தைகளுக்குக் காசநோயைத் தடுக்க இடப்படும் பிசிஜி, உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமியால் ஆனது. டி செல் உள்ள குழந்தைக்கு அது காப்பு. கோடிக்கணக்கான குழந்தைகள் அதனால் பயன் பெற்றுள்ளனர். டி செல் அறவே இல்லாத குழந்தையிடம் மட்டும் அக்கிருமி உடலெங்கும் பரவக்கூடும். ஆதலின், முன்பே ஒரு குழந்தையைக் கைக்குழந்தைப் பருவத்தில் கடுந்தொற்றால் இழந்த குடும்பத்தார், அடுத்த மகப்பேற்றின்போது அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். இதற்கு முதன்மையான மருத்துவம் எலும்பு மச்சை மாற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்று நடைபெற்று வருகிறது. எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகிறதோ அவ்வளவுக்குக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிகும்.

கட்டைப் பிரித்துப் பயன்கொள்ளல்

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் எதிர்ப்பதற்கு டி செல்களே முதற்காரணம். சிடி3 எப்சிலானைப் பற்றும் ஓர் எதிர்ப்பொருளைக்கொண்டு அவ்வெதிர்ப்பை அடக்கலாம் என்று கண்டு, 1986இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் வழங்கினர். மனித மருத்துவத்திற்கு ஒப்புதல் பெற்ற முதல் ஒற்றைப்படி எதிர்ப்பொருள் அதுவே. ஒற்றைப்படி எதிர்ப்பொருள்களை உருவாக்கும் முறையை 1975இல் கண்டவர்கள் மில்ஸ்டைனும் கோலரும். அவர்களும் முற்கூறிய கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தினரே. பக்க விளைவுகள் மிகுந்த அம்மருந்து பிற்காலத்தில் கைவிடப்பட்டது. எனினும், அதே சங்கிலியைப் பற்றும் திருத்திய எதிர்ப்பொருள் ஒன்று, முதல் வகை நீரிழிவு தோன்றுவதைத் தள்ளிப்போடும் மருந்தாக 2022இல் ஒப்புதல் பெற்றது.

வேறொரு வழியும் உண்டு. ஸீட்டாவின் வாலை மட்டும் வெட்டியெடுத்து, புற்றுச்செல்லை நேரே பற்றும் எதிர்ப்பொருள் நுனியோடு ஒட்டினால், கண்டவரும் விண்டவரும் ஒரே சங்கிலியாகிவிடுகின்றனர். நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, இப்புதிய ஏற்பிக்குரிய மரபணுவைப் புகுத்தி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துவது கார்-டி மருத்துவம். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இத்தகைய மருத்துவம் சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கென 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. அதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அப்போதும் அது பல இலட்சம் ரூபாய்.

கற்பவை கற்றபின்...

1. எட்டுக் குச்சிகளையும் நூலையும் கொண்டு ஏற்பிக் கூட்டமைப்பின் மாதிரியைச் செய்து, கந்தகப் பிணைப்பு எங்கே, மின்சுமை முடிச்சு எங்கே என வகுப்பில் விளக்குக.

2. கட்டுமரம், தேர் ஆகிய இரு உவமைகளும் எவ்விடத்தில் பொருந்துகின்றன, எவ்விடத்தில் பொருந்தாமல் போகின்றன எனக் கலந்துரையாடுக.

3. இக்கட்டுரையில் பயின்றுவரும் கலைச்சொற்களைத் தொகுத்து, உயிரியல் பாடநூலில் அவற்றுக்கு வழங்கும் சொற்களோடு ஒப்பிடுக.